பதினோராம் நாள் பத்திரி

கொதிக்கிற தண்ணீரில் உப்பு,
அதன்மேல் வறுத்த அரிசி மாவு.
கரண்டிக் காம்பால் நாலு கிளறு,
மூடிவை, தீயை அணை.
உப்புச் சரியா என்று நாக்கில் வைக்கக்கூடாது, நோன்பு.
இதுவரைக்கும் ஒருத்தி போதும்.

சூடாறுமுன் பிசைய வேண்டும் என்பதுதான் தொல்லை.
ஆறினால் விரிசல் விடும்,
ஆறாவிட்டால் கை வெந்துபோகும்.
அவள் பிசைந்து கையெடுக்க
நான் பிசைந்து கையெடுக்க
பச்சைத் தண்ணீர்க் கிண்ணத்தில்
இருவர் விரல்களும் மாறி மாறி முங்கும்.
ஒரே கிண்ணம்.
பேச்சு மட்டும் இல்லை,
பதினோரு நாளாக.

புதுநகரம் ஸ்டேஷனில்
பொள்ளாச்சி வண்டி ஊதியபோது
"மணி நாலாச்சு" என்று பூனையிடம் சொன்னேன்,
அவள் காதில் விழட்டும் என்று.
அவளும் பூனையிடம்தான் சொன்னாள்,
தேங்காய் இன்னும் உடைக்கலையாம்.
இந்தப் பூனைக்கு
எங்கள் வீட்டுக் கணக்கெல்லாம் இப்போது அத்துபடி.

சங்கதி இதுதான்:
கொழிஞ்சாம்பாறையிலிருந்து
என் மகளைப் பார்க்க வந்தவர்கள்
சர்பத் குடித்துக்கொண்டே கேட்டார்கள்,
"பிள்ளைக்குக் கண்ணெல்லாம் நல்லாத் தெரியுமா?"
நான் பலகாரத் தட்டை நகர்த்தினேன்.
சுலைகா சொன்னாள்:
"மைனஸ் மூணரை. கண்ணாடி அலமாரி மேல இருக்கு."
எடுத்துவந்தும் காட்டினாள்.
போனார்கள்.
போனவர்கள் போனவர்கள்தான்.
மகள் மட்டும் அன்று ராத்திரி
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
இரண்டு தட்டுச் சோறு தின்றாள்.

மார்ச் வந்தும் கணவாய்க் காற்று அடங்கவில்லை.
பனைமட்டைகளை உலுக்கிவிட்டு
ஜன்னல் வழியே நுழைந்து
அடுப்பின் நீலத்தை ஒரு பக்கம் சாய்க்கிறது.
பலகையில் தூவிய மாவு
அவள் புருவத்தில், என் முக்காட்டில்.
அவள் தேய்க்கிறாள்.
டப்பா மூடியைக் கவிழ்த்து ஓர் அழுத்து,
ஓரத்தை உரித்து அடுத்த உருண்டையோடு சேர்க்கிறாள்.
வட்டத்தை உள்ளங்கையில் ஏந்தி நீட்டுகிறாள்,
என் முகத்தைப் பாராமல்.
அவள் முகத்தைப் பாராமல் வாங்குகிறேன்.
அத்தனை மெல்லிசை ஒன்றை
விரலில் விரல் படாமல் கைமாற்றுவது
லேசான வேலை இல்லை.

கல்லில் எண்ணெய் கூடாது.
போட்டதும் திருப்பு,
குமிழ் கண்டதும் மறுபடி திருப்பு.
துணியால் ஓரத்தை ஒற்றினால்
மூச்சிழுத்து எழும்பும்.
சிவப்புப் புள்ளி ஒன்று விழுந்தாலும்
அது பத்திரி இல்லை, சும்மா ரொட்டி
என்பாள் சுலைகா,
பேசிக்கொண்டிருந்த நாட்களில்.

முப்பத்து நாலாவது எழும்பவில்லை.
முப்பத்தைந்தாவது
நனைந்த கைக்குட்டை மாதிரிக் கிடந்தது.
பூனையைத் தேடினேன்.
அது மீன்காரர் சைக்கிளுக்குப் பின்னால் போயிருந்தது.

ஆகவே நேராக அவளிடமே சொல்ல வேண்டியதாயிற்று:
"நடுவுல ரொம்ப மெலிஞ்சிருக்கு."

கட்டையை நிறுத்தாமல் சொன்னாள்,
"தேய்ச்சது சரிதான். அடுப்பைப் பாருங்க லாத்தா."

பார்த்தேன்.
நீலம் இல்லை.
எவ்வளவு நேரமாகவோ
ஆறிக்கொண்டிருந்த கல்லில்
புரட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.
காஸ் வாடையைக்கூடக் காற்று கொண்டுபோயிருந்தது.

அவள் எட்டிக் குமிழைத் திருகினாள்.
நான் பின்கதவை விரியத் திறந்தேன்.
வாடை முழுக்கப் போகட்டும் என்று
வாசற்படியில் நின்றோம்,
மாவுக் கைகளோடு,
திருப்பவும் தேய்க்கவும் ஒன்றுமில்லாமல்.
செருப்பைப் பார்த்தாள்.
கோழிக்கூண்டைப் பார்த்தேன்.

"மூணரை இல்ல" என்றேன்.
"போன மாசம் காட்டினப்ப நாலேகால்."

சிரித்தாள்.
புருவத்து மாவு கண்ணில் விழ
முழங்கையால் தேய்த்துக்கொண்டு இன்னும் சிரித்தாள்.

அப்புறம் அடுப்பு பற்றியது.
பாங்குக்குள் எண்பதும் முடிந்தது.
எழும்பாத இரண்டையும்
தேங்காய்ப்பாலில் நனைத்து
அடுக்கின் அடியில் செருகினேன்.
சுலைகா அவற்றை உருவி எடுத்து
எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.